ஆட்டின் ரத்தத்தைக் குடிக்கும் வயிற்றுப்புழு

(வானொலி உரை)



நான் இந்தக் கரிசல் சீமையில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு மார்கழி மாதம், விடிந்து வெயில் ஏறாத நேரம். பசுவந்தனைப் பக்கத்திலிருந்து ஓர் ஆட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார். வயசில் என்னைவிட மூத்தவர். பொட்டு ஆடு என்று நாம் சொல்கிற வேம்பூர்ச் செம்மறி எண்பது உருப்படி வைத்திருந்தவர்.

"ஐயா, பத்து நாள்ல ஆறு உருப்படி போயிருச்சு. கழிச்சல் இல்ல, காய்ச்சல் இல்ல. இரை எடுக்குது, தண்ணி குடிக்குது. சாயங்காலம் பட்டிக்கு வரையில தாடைக்குக் கீழ பை மாதிரி தொங்குது. விடிஞ்சு பார்த்தா வத்திக் கெடக்கு. மறுநா சாயங்காலம் திரும்பவும் தொங்குது. ஓட்டிக்கிட்டுப் போகையிலேயே கால் மடிஞ்சு விழுந்து செத்துப்போகுது. யாரும் ஏதும் வச்சிட்டாகளோன்னு வீட்டுல சொல்லுதாக" என்றார்.

"புழு மருந்து குடுத்தீகளா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இந்த மழைக்கு மூணு தடவை ஊத்தியாச்சு. கடைசியா ஊத்தி அஞ்சு நாள் ஆகுது. எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான்" என்றார்.

'நீங்க சொன்ன மாதிரிதான்' என்ற அந்த வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

அன்று காலையில் செத்த ஆட்டை ஓர் உடைமரத்தடியில் போட்டு அறுத்துப் பார்த்தோம். நுரையீரல் சுத்தமாக இருந்தது. கறியில் ரத்தமே இல்லை, வெள்ளரிப் பிஞ்சு மாதிரி வெளுத்திருந்தது. ஆட்டுக்கு இரைப்பை நாலு அறை என்பது உங்களுக்குத் தெரியும். நாலாவது அறை, குடலை ஒட்டி இருக்கிறதே, அதை நீளவாக்கில் கீறினேன். உள்ளே காப்பித் தண்ணி நிறத்தில் கலங்கல். அந்தக் கலங்கலுக்குள்ளே ஓர் அங்குல நீளத்தில் மெல்லிய நூல்கள் ஆயிரக்கணக்கில் நெளிந்துகொண்டிருந்தன. மருந்து ஊற்றி அஞ்சாம் நாள் அத்தனையும் உயிரோடு!

ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்து அண்ணாச்சியிடம் காட்டினேன். சிவப்பும் வெள்ளையும் கலந்து முறுக்கின கயிறு போல இருந்தது. சிவப்பு, அது குடித்த ரத்தம் நிறைந்த குடல். வெள்ளை, அந்தக் குடலைச் சுற்றிச் சுற்றி ஓடுகிற முட்டைப்பை. இந்த முறுக்கு பெட்டைப் புழுவில் மட்டும்தான் தெரியும். ஆண் புழு இன்னும் சின்னது, ஒரே சிவப்பாக இருக்கும். விஞ்ஞானிகள் இதற்கு ஹீமான்கஸ் கன்டார்டஸ் என்று பேர் வைத்திருக்கிறார்கள். கன்டார்டஸ் என்றால் லத்தீன் பாஷையில் முறுக்கப்பட்டது என்று அர்த்தம். உங்கள் ஊரில் ஆடு உரிக்கிறபோது நாலாவது இரைப்பையை அலசுவதற்கு முன்னால் ஒரு தடவை கீறிப் பாருங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கிற பாடம் அது.

இந்தப் புழுவின் வாயில் சின்ன ஊசி ஒன்று இருக்கிறது. அதனால் இரைப்பையின் உள்தோலைக் குத்திக் குத்தி ரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்குச் சாப்பிடுவதும் சிந்த விடுவதுமாகப் போகிற ரத்தம் 0.05 மில்லி. ஒரு சொட்டுதானே என்று தோன்றும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. 25 கிலோ எடை உள்ள ஆட்டின் உடம்பில் மொத்தமே ஒன்றரை லிட்டரை ஒட்டித்தான் ரத்தம் இருக்கும். நாள் தவறாமல் அதில் முப்பதில் ஒரு பங்கு போனால் எத்தனை நாள் தாங்கும்? ரத்தத்தோடு அதிலுள்ள புரதமும் போய்விடுகிறது. புரதம் குறைந்த ரத்தத்தில் நீர் தங்காமல் கசிந்து வெளியே வரும். மேயும்போது ஆடு நாள் முழுக்கத் தலையைத் தாழ்த்தியே இருக்கிறதா, அந்த நீர் தாடைக்குக் கீழே இறங்கிக் கோத்துக்கொள்கிறது. ராத்திரி தலையைத் தூக்கிப் படுத்தால் வடிந்துவிடுகிறது. அண்ணாச்சி பார்த்த மாயம் இதுதான். செய்வினையும் இல்லை, கண்ணேறும் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் புழுவினால் பொதுவாகக் கழிச்சல் வராது. புழுக்கை கெட்டியாக, மணிமணியாகத்தான் விழும். 'புழு என்றால் கழியும்' என்று காத்திருக்கிறவர் கடைசிவரை காத்துக்கொண்டே இருப்பார். அதே மழைக்காலத்தில் நீலநாக்கு நோயும் வரும், அதிலும் முகம் வீங்கும். ஆனால் அதில் காய்ச்சல் இருக்கும், வாயில் புண் இருக்கும், மூக்கு ஒழுகும், கால் நொண்டும். துள்ளுமாரியில் நல்லாக் கொழுத்த ஆடுதான் திடீரென்று துள்ளி விழும். இது மெலிந்து, வெளுத்து, பின்தங்கி நடந்து, அப்புறம் விழும்.

சரி, புழு வந்த வழியைப் பார்ப்போம். அந்த வழி தெரிந்தால்தான் எங்கே மறிப்பது என்று தெரியும்.

ஒரு பெட்டைப் புழு ஒரு நாளைக்கு 5,000-லிருந்து 10,000 முட்டை வரை இடும். ஓர் ஆட்டில் 500 பெட்டைப் புழு இருந்தால் குறைந்தது 25 லட்சம் முட்டை, தினமும். அத்தனையும் புழுக்கையோடு தரையில் விழுகிறது. அங்கே ஈரமும் இளஞ்சூடும் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரித்துவிடும். வெளியே வருகிற குஞ்சுப்புழு புழுக்கையில் இருக்கிற நுண்ணுயிரைத் தின்று வளர்ந்து, பாம்பு மாதிரி இரண்டு தடவை சட்டை உரிக்கும். ஆனால் இரண்டாவது தடவை உரித்த சட்டையைக் கழற்றிப் போடாது, மேலே போர்த்திக்கொண்டே இருக்கும். அந்தப் போர்வை அதற்கு நல்ல காவல். அதே போர்வை அதன் வாயையும் மூடிவிடுகிறது! இனி அது எதுவும் தின்ன முடியாது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பியவன் கதைதான். மடியில் இருக்கிற சத்து தீருவதற்குள் ஓர் ஆடு அதை விழுங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும். மழைக்காலத்தில் முட்டையிலிருந்து இந்த நிலைக்கு வர ஒரு வாரம் போதும்.

விழுங்கப்படுவதற்கு அது செய்கிற காரியம் வேடிக்கையானது. புல்லின் மேல் படிந்திருக்கிற பனி ஈரத்தில் நீந்திக்கொண்டே மேலே ஏறும். ஈரம் இல்லாவிட்டால் ஏற முடியாது. ஏறினாலும் பெரும்பாலும் தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்குள்தான் இருக்கும். செம்மறியோ தரையை ஒட்டக் கறம்புகிற ஜாதி. ஒரு வாய்ப் புல்லோடு அதுவும் உள்ளே போகிறது. முதல் இரைப்பையில் போர்வை கழன்றுவிடும். நாலாவது இரைப்பைக்குப் போய் உள்தோலின் குழிகளில் புகுந்து, இன்னும் இரண்டு சட்டை உரித்து, மூன்று வாரத்தில் முழுப் புழுவாகி முட்டையிட ஆரம்பிக்கும். ஆகமொத்தம் முட்டைக்கு முட்டை ஒரு மாசம்.

இந்தக் கணக்கை நம் ஊர் மழைக்கணக்கோடு பொருத்திப் பாருங்கள். கோவில்பட்டி வட்டாரத்துக்கு வருஷம் முழுக்கக் கிடைப்பது 700 மில்லிமீட்டரை ஒட்டின மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். சித்திரை வெயிலில் கரிசல் மண் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும்போது தரையில் இருக்கிற முட்டையும் குஞ்சும் வறுபட்டுச் சாகும். அதனால் கோடையில் கரிசல்காட்டில் கிடை போடுவதால் புழு பரவும் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஐப்பசி முதல் மழையில்தான் சக்கரம் சுற்ற ஆரம்பிக்கிறது. கார்த்திகையில் ஒரு சுற்று முடிந்து, மார்கழிப் பனியில் இரண்டாவது சுற்று நடக்கும்போது ஆடு விழ ஆரம்பிக்கும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. புரட்டாசியில் விதைத்துவிட்டால் தை, மாசியில் வெள்ளாமை வீட்டுக்கு வருகிற வரைக்கும் நஞ்சை புஞ்சை எதிலும் ஆடு இறங்க முடியாது. உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் காட்டை அடைத்துக்கொள்ளும். ஊர் ஆடு முழுவதும் கண்மாய்க்கரை, ஓடைப் புறம்போக்கு, ரோட்டோரம், ஊருணி மேடு என்று நாலு துண்டு நிலத்துக்குள் நெருக்கியடித்து மேய வேண்டியிருக்கிறது. எந்த மாசத்தில் ஈரம் அதிகமோ, அதே மாசத்தில் இடமும் குறைவு. இன்று புழுக்கை போட்ட இடத்திலேயே பத்து நாள் கழித்து அதே ஆடு மேய்கிறது. புழுவுக்கு இதைவிட வசதி யார் செய்து கொடுப்பார்கள்?

மழை முடிந்து காடு காய்ந்ததும் புழு ஒழிந்துவிடுவதாக நினைக்க வேண்டாம். வறண்ட நாடுகளில் இது ஒரு தந்திரம் செய்கிறது. முழு வளர்ச்சி அடையாமலே இரைப்பைத் தோலுக்குள் அடங்கிப் படுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் தூக்கம். ரத்தம் குடிக்காது, முட்டை போடாது. மழைக்காலம் நெருங்கும்போது எழுந்துகொள்ளும். சினையாடு குட்டி போடுகிற சமயத்திலும், பால் கொடுக்கும்போதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளரும். அப்போது தாயாட்டின் புழுக்கையில் முட்டை பெருகிவிடும். பக்கத்தில் புல் கடிக்கப் பழகுகிற குட்டிக்குத் தாய் கொடுக்கிற சீதனம் அது.

இப்போது வெள்ளாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் சீமையின் கன்னி ஆடும் கொடி ஆடும் தழை தின்கிற ஜாதி. காலைத் தூக்கி உடையையும் வேலியையும் எட்டிக் கடிக்கிற ஆட்டின் வாய்க்குப் புழு எட்டாது. தலைமுறை தலைமுறையாகப் புழுவோடு அதிகம் பழகாததால், அதை எதிர்க்கிற பலமும் வெள்ளாட்டுக்குச் செம்மறியைவிடக் குறைவு. அதனால் தழை இல்லாத இடத்தில் வெள்ளாட்டைப் புல்லில் மட்டும் மேயவிட்டால் செம்மறியைவிட மோசமாக அடி வாங்கும். 2011-க்குப் பிறகு விலையில்லா ஆடு வாங்கி முதன்முதலாக வளர்க்க வந்த எத்தனையோ தாய்மார்கள் கண்மாய்க்கரைப் புல்லில் ஆட்டை முளைக்குச்சி அடித்துக் கட்டி வைத்தார்கள். ஒரே வட்டத்தில் தின்று, அதே வட்டத்தில் புழுக்கை போட்டு, திரும்ப அதையே தின்னும்! முளைக்குச்சியை நாளுக்கு நாள் மாற்றி அடியுங்கள். முடிந்தால் வேப்பந்தழை, அகத்தி, கருவேலந்தழை கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் போடாதீர்கள். கருவேலில் இருக்கிற துவர்ப்புச் சத்து புழுவின் கொட்டத்தை ஓரளவு அடக்கும். மருந்துக்குப் பதில் என்று சொல்லமாட்டேன், கூடமாட உதவி.

அண்ணாச்சி சொன்ன வார்த்தைக்கு இப்போது வருகிறேன்.

நான் வேலைக்கு வந்த காலத்தில் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டதும், நான் ஊர் ஊராகப் போய்ச் சொன்னதும் இதுதான்: 'கிடையில் இருக்கிற அத்தனை ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்று. மறுநாளே புது மேய்ச்சலுக்கு ஓட்டிவிடு. வருஷத்துக்கு மூணு நாலு தடவை இப்படிச் செய்.' கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! அண்ணாச்சி அதை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்தார். அதனால்தான் அவருடைய ஆட்டில் மருந்துக்குச் சாகாத புழு வளர்ந்தது.

பருத்தி போட்டவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். காய்ப்புழுவுக்கு அடித்த மருந்தையே திரும்பத் திரும்ப அடித்து, கடைசியில் மருந்தில் குளித்து எழுந்து போன புழுவைப் பார்த்தவர்கள் நாம். லட்சம் புழுவில் ஒன்றிரண்டு பிறவியிலேயே மருந்தைத் தாங்கும். மற்றதெல்லாம் செத்து, அது மட்டும் மிஞ்சும். எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றிப் புதுக்காட்டுக்கு ஓட்டினால் அந்தப் புதுக்காட்டில் விழுகிற முட்டை முழுக்க யாருடையது? தப்பிப் பிழைத்த அந்த ஒன்றிரண்டுடையது. அதன் வாரிசுகளே காட்டை நிரப்பும். சில ஆட்டுக்கு மருந்து கொடுக்காமல் விட்டிருந்தால், அந்த ஆட்டிலுள்ள சாதாரணப் புழுக்களின் முட்டையும் காட்டில் விழுந்து கலந்திருக்கும். பி.டி. பருத்தி 2002-ல் வந்த பிறகு விதைப் பொட்டலத்தோடு 120 கிராம் சாதாரணப் பருத்தி விதையும் தனியாக வந்தது ஞாபகம் இருக்கிறதா? சுற்றிலும் அஞ்சு சால் போடச் சொன்னார்கள். நம்மில் பலர் தூர எறிந்தோம். அதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்.

இது நம் ஊரில் மட்டும் நடந்த கதை இல்லை. தயாபெண்டசோல் என்கிற மருந்து 1961-ல் விற்பனைக்கு வந்தபோது புழுவுக்கு முடிவு வந்துவிட்டது என்றார்கள். 1964-லேயே இந்த முறுக்குப் புழு அதைத் தாங்க ஆரம்பித்துவிட்டது. நம் தமிழ்நாட்டிலும் செம்மறி, வெள்ளாடு இரண்டிலும் மருந்தை எதிர்க்கிற புழுக்கள் பதிவாகியிருக்கின்றன.

அண்ணாச்சி மருந்தை மூன்று தடவையும் வேறு வேறு பேரில்தான் வாங்கியிருந்தார். டப்பாவைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்தால் ஒன்று அல்பெண்டசோல், ஒன்று ஃபென்பெண்டசோல், மூன்றாவது திரும்பவும் அல்பெண்டசோல். இரண்டும் அண்ணன் தம்பி, ஒரே குடும்பம். ஒன்றைத் தாங்குகிற புழு மற்றதையும் தாங்கும். லெவாமிசோல் வேறு குடும்பம், ஐவர்மெக்டின் வேறு, ரத்தம் குடிக்கிற புழுவை மட்டும் தாக்குகிற குளோசன்டெல் வேறு. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்காமல், எந்தக் குடும்பம் என்று மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

அளவிலும் பிசகு இருந்தது. கண் மதிப்பில் 20 கிலோ என்று வைத்து ஊற்றியிருக்கிறார். தொங்கு தராசில் கட்டிப் பார்த்தால் 28 கிலோ! குறைந்த அளவு மருந்து புழுவைக் கொல்லாது, பழக்கிவிடும். கிடையில் கனமான ஆட்டை நிறுத்து அந்த எடைக்கு ஊற்றுங்கள். குட்டிகளுக்கு வேறாக நிறுத்துக்கொள்ளுங்கள், லெவாமிசோல் போன்றது அளவு மீறினால் விஷம். வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும் என்பதால் செம்மறி அளவு அதற்குப் பற்றாது. எவ்வளவு என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் ஆகாது. ஊற்றும்போது தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். தலை நேராக இருக்க, கொட்டத்தையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ நாக்கின் பின்பக்கம் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். கறிக்கு விற்கிற ஆடானால் எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்பதையும் லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எந்த ஆட்டுக்குக் கொடுப்பது, எதை விடுவது? இதற்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தார்கள். அங்கே 1990-களில் மாலன், வான் வைக் என்ற கால்நடை மருத்துவர்கள் ஆட்டின் கீழ் இமையின் உள்பக்க நிறத்தை ஐந்து படியாகப் பிரித்து ஓர் அட்டை தயாரித்தார்கள். ஃபமாச்சா அட்டை என்று பேர். ஒரு கட்டைவிரலால் மேல் இமையை மெல்ல அழுத்தி, மற்றக் கட்டைவிரலால் கீழ் இமையைப் பிதுக்கினால் உள்தோல் தெரியும். நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், பட்டிக்குள் நிழலில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். செம்பருத்திப் பூ மாதிரி சிவந்திருந்தால் மருந்து வேண்டாம். முருங்கைப் பூ மாதிரி வெளுத்திருந்தால் அன்றைக்கே கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ரோஜா நிறத்தில் இருந்தால், குட்டி, சினையாடு, பால் ஆடு, மெலிந்தது இவற்றுக்குக் கொடுத்துவிட்டு மற்றதை அடுத்த தடவை பார்க்கலாம். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, கோடையில் மாசம் ஒரு தடவை போதும்.

ஒரு கிடையில் உள்ள புழுவில் முக்கால் பங்குக்கு மேல் கால் பங்கு ஆடுகளிடம்தான் இருக்கும். மற்ற ஆடுகள் புழுவோடு சமாளித்துக்கொண்டு நன்றாகவே இருக்கும். வருஷா வருஷம் இமை வெளுக்கிற தாயாட்டைக் கழித்துவிடுங்கள், அதன் குட்டியைக் கிடாய்க்கு நிறுத்தாதீர்கள்.

அன்று அண்ணாச்சியும் அவர் மகனும் நானும் உட்கார்ந்து மீதி 74 ஆட்டின் இமையையும் பிதுக்கிப் பார்த்தோம். 19 ஆடு வெளுத்திருந்தது. "மத்ததுக்கு ஊத்த வேண்டாங்கீகளா? மனசு கேக்க மாட்டேங்குதே" என்றார். அவர் மனசு எனக்குப் புரிந்தது. எனக்கே அந்த மனசு மாற வருஷக்கணக்காயிற்று. அந்தப் 19-க்கு மட்டும் வேறு குடும்பத்து மருந்தை நிறுத்து ஊற்றினோம். ரத்தம் வற்றின ஆடு தூரம் நடந்தால் நெஞ்சடைத்து விழும் என்பதால் பத்து நாள் பட்டியிலேயே வைத்து, கடலைப் புண்ணாக்கும் உளுந்தம் பொட்டும் கொடுக்கச் சொன்னேன். இரண்டு ஆடு தேறவில்லை. பதினேழு தேறிவிட்டது.

மேய்ச்சல் விஷயத்தில் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. மார்கழியில் பனி உலர்ந்த பிறகு ஓட்டுகிற பழைய வழக்கம் நல்ல வழக்கம். ஊர்ப் பொதுமேய்ச்சலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் மூன்று நாலு நாளுக்கு மேல் நிற்காமல், திரும்பி அதே துண்டுக்கு வர ஒரு மாசத்துக்கு மேல் ஆகும்படி செய்தால் மடியில் சோறு தீர்ந்து குஞ்சுப்புழு செத்திருக்கும். நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போன பிஜித் தீவில் 1990-களில் ஆடுகளை இப்படி மேய்த்து மருந்துச் செலவைக் குறைத்துக் காட்டினார்கள். அங்கே வேலி போட்ட மேய்ச்சல். இங்கே ஊர் கூடிப் பேசினால்தான் நடக்கும், அது லேசுப்பட்ட காரியம் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்கி வருகிறவர்கள் வந்த வேகத்தில் கிடையோடு கலக்காதீர்கள். யார் வீட்டுப் புழு, எந்த மருந்துக்குப் பழகினது என்று யார் கண்டார்? தனியே கட்டி, மருத்துவர் சொல்கிற மருந்தைக் கொடுத்து, பதினாலு நாள் கழித்துப் புழுக்கையைச் சோதித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிடையில் மருந்து கேட்கிறதா என்று பார்க்கவும் இதுவே வழி. மருந்து கொடுக்கிற அன்றைக்குப் பத்து ஆட்டின் புழுக்கை, பதினாலாம் நாள் அதே பத்து ஆட்டின் புழுக்கை. முட்டை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் அந்தக் குடும்பத்து மருந்து இனி உங்கள் கிடைக்கு ஆகாது. புழுக்கையைத் தரையிலிருந்து பொறுக்காமல், ஆடு போடும்போதே பிடித்து, ஆட்டுக்கு ஒரு பொட்டலமாகச் சின்னப் பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, வெயில் படாமல் அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் சேர்த்துவிடுங்கள். பத்துப் புழுக்கை இருந்தால் போதும். மறுநாள் கொண்டுவந்தால் முட்டை பொரித்துப் போயிருக்கும், எண்ண முடியாது.